பழைய வால்வு ரேடியோ கைக்கு வந்தால்: முதலில் படியுங்கள், பிறகு பழுது பாருங்கள்

பழைய ரேடியோ ஒன்று கைக்கு வந்ததும் முதலில் வரும் ஆசை, பிளக்கைச் செருகிப் பார்ப்பதுதான். "பாடுதான்னு ஒரே ஒரு தடவை பார்த்துடலாமே!" அந்த ஒரு தடவையில் கருகிப்போன டிரான்ஸ்ஃபார்மர்கள் ஏராளம். பல வருஷம் பரணில் கிடந்த பெட்டிக்குள் டிரான்ஸ்ஃபார்மரும் காயில்களும் வால்வுகளும் (பல்பு போன்ற கண்ணாடிக் குழாய்கள்) பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கெட்டுப்போயிருப்பது கண்டென்சர்கள், அதாவது இன்று நாம் கெப்பாசிட்டர் என்று சொல்பவை. நேரடியாக மின்சாரம் கொடுத்தால், மலிவான அந்தக் கண்டென்சர் தன்னோடு விலை உயர்ந்த டிரான்ஸ்ஃபார்மரையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

விற்றவர் "நேற்றுகூடப் பாடியது" என்று சத்தியம் செய்தாலும் பிளக்கை ஓரமாகச் சுருட்டி வையுங்கள். கரண்ட் இல்லாமலேயே தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

உயிருக்கு ஆபத்தான விஷயங்கள்

வால்வு ரேடியோவுக்குள் 200 முதல் 300 வோல்ட் வரை டிசி மின்னழுத்தம் ஓடும். அணைத்த பிறகும் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களில் அது தேங்கி நிற்கலாம். கை வைக்கும் முன் ஒவ்வொரு முறையும் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை அவற்றின் இரு முனைகளுக்கும் குறுக்கே சில விநாடிகள் பிடித்து வடித்துவிட்டு, மல்டிமீட்டரில் பூஜ்யம் வந்ததைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து 'டப்' என்று பொறி பறக்கவிடுவது வீரம்தான், ஆனால் கண்டென்சருக்கும் கண்ணுக்கும் நல்லதில்லை.

இதைவிட மோசமானது லைவ் சேசிஸ், அதாவது உறுப்புகளைத் தாங்கும் உலோகச் சட்டத்திலேயே மின்சாரம் இருப்பது. மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி/டிசி ரேடியோக்களில், சுவரிலிருந்து வரும் இரண்டு வயர்களில் ஒன்று நேராக உலோகச் சேசிஸோடு சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேசிஸ் முழுவதும் லைவ். குமிழைப் பிடித்திருக்கும் சின்ன திருகாணியும் அதோடு சேர்ந்ததுதான். அதனால்தான் சில ரேடியோக்களில் குமிழின் திருகாணித் துளையை மெழுகால் அடைத்திருப்பார்கள். அது அழுக்கு என்று நினைத்துச் சுரண்டி எடுத்துவிட்டால், மறக்காமல் மறுபடி அடைக்க வேண்டும்.

இத்தகைய பெட்டியில் வேலை செய்ய 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். வேரியாக் அதற்கு மாற்றாகாது. அது மின்னழுத்தத்தைக் கூட்டும், குறைக்கும். ஆனால் மெயின்ஸிலிருந்து பிரிக்காது. ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கையில் இல்லையென்றால் லைவ் சேசிஸ் பெட்டியை இப்போதைக்குத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு, டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஒரு ரேடியோவில் கை பழகுங்கள்.

எந்த ரேடியோ, எந்தக் காலம்?

பெயர்ப்பலகையில் இருப்பது கம்பெனி பெயர். உங்களுக்கு வேண்டியது மாடல் எண். அது பின்பக்க அட்டையிலோ, சேசிஸின் பின் ஓரத்திலோ, பெட்டியின் அடியில் ஒட்டிய தாளிலோ இருக்கும். தாளில் காப்புரிமை வருடங்கள் வரிசையாக அச்சிட்டிருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். ரேடியோ அவற்றில் கடைசி வருடத்துக்கு முந்தையதாக இருக்க முடியாது, அவ்வளவுதான். மாடல் எண் கிடைத்துவிட்டால் சர்க்யூட் படத்தைத் தேடுவது எளிது. ஒத்த மாடலின் படமே பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.

தாள் கிழிந்து போயிருந்தால் டயலைப் படியுங்கள். 'கிலோ சைக்கிள்' என்று இருந்தால் பெரும்பாலும் அறுபதுகளோ அதற்கு முன்போ; ஹெர்ட்ஸ் என்ற அலகு உலக அளவில் ஏற்கப்பட்டது 1960-ல், பழக்கத்துக்கு வர இன்னும் சில வருஷம் பிடித்தது. மீட்டரில் அலைநீளம் மட்டும் போட்டிருந்தால் 300000-ஐ அந்த எண்ணால் வகுங்கள், கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும்: 300 மீட்டர் என்றால் 1000 கிலோஹெர்ட்ஸ். ஐரோப்பிய டயலில் 'பிரெஸ்லவ்' என்ற நிலையப் பெயர் இருந்தால், அந்த நகரம் 1945-ல் போலந்துக்குப் போய் வ்ராட்ஸ்வாஃப் ஆவதற்கு முன் வரைந்த டயல் அது. அமெரிக்க ரேடியோவில் 640, 1240 என்ற இரண்டு இடங்களில் குட்டி முக்கோணக் குறிகள் இருந்தால் 1953-க்கும் 1963-க்கும் இடைப்பட்டது; போர்க்கால எச்சரிக்கை ஒலிபரப்புக்காக அந்த இரண்டு அலைவரிசைகளையும் குறித்துவைக்கச் சட்டம் இருந்த காலம்.

உள்ளே டிரான்சிஸ்டர் இருந்தால் கணக்கே வேறு. கடைக்கு வந்த முதல் டிரான்சிஸ்டர் ரேடியோவான ரீஜென்சி டிஆர்-1 வெளிவந்தது 1954-ன் பிற்பகுதியில்தான்.

வால்வின் மேல் அச்சிட்ட தேதியை நம்பி ரேடியோவின் வயதைச் சொல்லாதீர்கள். வால்வு மாற்றப்பட்டிருக்கலாம். சாக்கெட் மாறாது. கருப்பு அடிப்பாகமும் நடுவில் ஒரு முளையும் கொண்ட எட்டு முள் ஆக்டல் சாக்கெட் வந்தது 1935-ல். அடிப்பாகமே இல்லாமல் கண்ணாடியிலிருந்து நேராக ஒன்பது முள் நீட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் ஐம்பதுகள்.

வால்வின் பெயர் ஒரு முகவரி

ஐரோப்பிய வால்வுகளின் பெயர்முறையைப் புரிந்துகொண்டால் சர்க்யூட் படம் இல்லாமலேயே பாதி ரேடியோ விளங்கிவிடும். முதல் எழுத்து ஹீட்டரை, அதாவது வால்வைச் சூடாக்கும் இழையை, சொல்லும்: 'இ' என்றால் 6.3 வோல்ட், 'யு' என்றால் 100 மில்லிஆம்பியர் தொடர் இணைப்பு, 'டி' (D) என்றால் 1.4 வோல்ட் பேட்டரி செட். அடுத்து வரும் எழுத்துகள் உள்ளே இருப்பவை: 'பி' (B) இரட்டை டையோடு, 'சி' டிரையோடு, 'எஃப்' பென்டோடு, 'எச்' மிக்ஸருக்கான (நிலையத்தின் அலையோடு ரேடியோவின் சொந்த அலையைக் கலக்கும் பகுதி) ஹெக்ஸோடு அல்லது ஹெப்டோடு, 'எல்' ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் பென்டோடு, 'எம்' மேஜிக் ஐ (நிலையம் சரியாகப் பிடித்ததை ஒளியால் காட்டுவது), 'இசட்' முழுஅலை ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்குவது). எண்ணின் முதல் இலக்கம் சாக்கெட்டைக் காட்டும்: 3 ஆக்டல், 4 ரிம்லாக் என்ற இன்னொரு எட்டு முள் வகை, 8 ஒன்பது முள், 9 ஏழு முள்.

இனி இசிஎச் 81 என்று படித்ததும் தெரிந்துவிடும்: 6.3 வோல்ட், டிரையோடும் ஹெப்டோடும் சேர்ந்தது, ஒன்பது முள். அப்படியானால் ரேடியோவின் மிக்ஸரும், அந்தச் சொந்த அலையை உண்டாக்கும் ஆசிலேட்டரும் இதுதான். பெயர் 'யு'-வில் தொடங்கும் வால்வுகளாகவே நிறைந்திருந்தால் லைவ் சேசிஸ் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

அமெரிக்க முறையில் முதலில் வரும் எண்தான் ஹீட்டர் வோல்ட். 12எஸ்ஏ7, 12எஸ்கே7, 12எஸ்க்யூ7, 35இசட்5, 50எல்6 என்ற ஐந்தும் கோடிக்கணக்கான சிறு ரேடியோக்களில் இருந்த கூட்டணி. 12.6 மூன்று தடவை, 35, 50 எல்லாம் கூட்டினால் 122.8 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மரே இல்லாமல் அமெரிக்க மெயின்ஸில் நேராக மாட்டத்தான் இந்தக் கணக்கு. ஒன்றின் ஹீட்டர் அறுந்தால் ஐந்தும் அணையும், பழைய சீரியல் பல்பு மாலை மாதிரி.

வால்வைத் துடைக்கும்போது அச்சு எழுத்தின் மேல் துணி படக் கூடாது. விரல் பட்டாலே அழியும் மை அது. எழுத்து போன வால்வை அடையாளம் காண்பது பெரும் பாடு. கண்ணாடிக்குள் வெள்ளிப் பூச்சு பளபளவென்று இருந்தால் நல்லது. அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு முடிந்தது.

திறந்ததும் செய்ய வேண்டியவை

எதையும் கழற்றும் முன் எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். டயல் நூல் எந்த உருளையை எத்தனை சுற்று சுற்றி, எந்தப் பக்கம் ஸ்பிரிங்கில் முடிகிறது என்பதைத் தனியாக எடுங்கள். அறுந்த டயல் நூலை நினைவிலிருந்து கட்ட முயல்வது சந்நியாசம் வாங்கிக்கொள்ள நல்ல காரணம்.

தூசியை மென்மையான பிரஷால் தட்டுங்கள். நிலையம் மாற்றும்போது சுழலும் கேங் கண்டென்சரின் தகடுகளுக்கு நடுவே எதையும் நுழைக்காதீர்கள், ஒரு தகடு வளைந்தாலும் உரசும். டயல் கண்ணாடியின் பின்பக்க எழுத்துகளைத் துடைக்கவே கூடாது. வெறும் ஈரத் துணிக்கே உரிந்து வரும் டயல்கள் உண்டு.

ரப்பர் உறை போட்ட வயரை மெல்ல வளைத்துப் பாருங்கள். பொரபொரவென்று உதிர்ந்தால் மாற்றியாக வேண்டும். மெயின்ஸ் கார்டு எப்படியிருந்தாலும் புதிது போடுங்கள், ஃபியூஸும் சேர்த்து. இதில் ஒரு விதிவிலக்கு: சில லைவ் சேசிஸ் ரேடியோக்களில் கார்டே ரெசிஸ்டராக வேலை செய்யும், வழக்கத்தைவிடத் தடிமனாக இருக்கும், ஓடும்போது சூடாகும். அதை வெட்டினாலோ சாதாரண கார்டு போட்டாலோ வால்வுகளின் ஹீட்டர் போய்விடும்.

இப்போது மீட்டரை ஓமில் வையுங்கள். மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுற்று சில பத்து ஓம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுற்று சில நூறு ஓம், ஸ்பீக்கர் பக்கம் ஒரு ஓமுக்கும் கீழே. இவை சரியாக இருந்தால் ரேடியோ பிழைத்துவிடும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுற்று அறுந்திருப்பது அடிக்கடி பார்க்கும் நோய்தான், மாற்று கிடைக்கும். மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் கருகி நாறினால் தொடர்வதா வேண்டாமா என்று இங்கேயே முடிவெடுங்கள். பின்னால் மெயின்ஸ் வோல்டேஜ் செலக்டர் இருந்தால், அது உங்கள் மெயின்ஸுக்குச் சமமாகவோ அதற்கு அடுத்த மேல் எண்ணிலோ இருக்கட்டும்.

எந்தக் கண்டென்சரை மாற்றுவது

இந்த வேலையின் சாரமே இங்கேதான். மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்கள் ஈரத்தை உறிஞ்சி, டிசியை ஒழுகவிடும். மீட்டரின் கப்பாசிட்டன்ஸ் அளவில் சரியான எண் வரலாம். மீட்டர் சில வோல்ட்தானே கொடுக்கிறது. ஒழுகல் தெரிவது 200 வோல்ட் ஏறும்போது. அதனால் இவற்றைச் சோதித்து நேரத்தை வீணாக்காமல் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். 630 வோல்ட் பாலிஎஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் போதும். பழைய அளவான .05 மைக்ரோஃபாரடுக்கு .047, .02-க்கு .022. சில பழைய உறைகளில் 'எம்எம்எஃப்' என்று இருக்கும், அது பிக்கோஃபாரட்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மாற்ற வேண்டிய ஒன்று உண்டு: முதல் ஆடியோ வால்வின் ஆனோடிலிருந்து அவுட்புட் வால்வின் கிரிடுக்கு, அதாவது கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பிவலைக்கு, போகும் கப்ளிங் கண்டென்சர். இது ஒழுகினால் கிரிடில் பாசிட்டிவ் ஏறும், அவுட்புட் வால்வு கட்டுக்கடங்காமல் கரண்ட் இழுக்கும், ஆனோடு தகடு செக்கச்செவேல் என்று சிவக்கும், பின்னாலேயே ரெக்டிஃபையரும் டிரான்ஸ்ஃபார்மரும் போகும். நேரமே இல்லை, ஒன்றே ஒன்றுதான் மாற்ற முடியும் என்றால், அது இதுதான்.

அடுத்தது எலக்ட்ரோலிட்டிக்குகள். வறண்டு போயிருந்தால் ரேடியோ 'ம்ம்ம்' என்று உறுமும், உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் ரெக்டிஃபையரைக் கொல்லும். புதிதில் வோல்ட் அளவு பழையதற்குக் குறையக் கூடாது. மைக்ரோஃபாரட் சற்றுக் கூடலாம், ஆனால் ரெக்டிஃபையருக்கு அடுத்த முதல் கண்டென்சரில் கஞ்சத்தனமாகவே இருங்கள். இஇசட் 80, இஇசட் 81 வால்வுகளுக்கு 50 மைக்ரோஃபாரட்தான் உச்சம். கூடுதலாகப் போட்டால் உறுமல் குறையும், வால்வின் ஆயுளும் சேர்ந்தே குறையும். நெகட்டிவ் முனை எப்போதும் சேசிஸுக்குத்தான் என்று எண்ணிவிடாதீர்கள். சில ரேடியோக்களில் அது ஒரு சிறு ரெசிஸ்டர் வழியாகப் போய் கிரிடுக்கு வேண்டிய நெகட்டிவ் பயாஸ் வோல்டேஜை உண்டாக்கும். பழையது எங்கே இருந்ததோ அங்கேயே புதியது.

மெயின்ஸுக்குக் குறுக்கே இருக்கும் கண்டென்சருக்கு எக்ஸ்2 என்ற பாதுகாப்பு வகையையும், லைவ் சேசிஸில் ஏரியல், எர்த் சாக்கெட்டுகளைப் பிரிக்கும் கண்டென்சருக்கு ஒய் வகையையும் மட்டுமே போடுங்கள். பின்னது ஷார்ட் ஆனால் ஏரியல் வயரே லைவ்.

மைகா, செராமிக் கண்டென்சர்களைத் தொட வேண்டாம். பழைய தோற்றம் கெடக் கூடாது என்பவர்கள் காகிதக் குழாயின் மெழுகை இளக்கி உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, புதியதை ஒளித்து வைப்பார்கள். அழகான வேலை, முதல் ரேடியோவில் வேண்டாம். ஒவ்வொன்றாக மாற்றுங்கள்: ஒன்றைக் கழற்றி, அதன் இடத்தில் புதியதைப் பற்றவைத்த பிறகே அடுத்தது. பத்தையும் ஒரேயடியாக வெட்டிப் போட்டவர்களின் பெட்டிகள்தான் பாதி வேலையில் விற்பனைக்கு வருகின்றன.

ரெசிஸ்டர்களை ஒரு முனையைக் கழற்றி அளந்து பாருங்கள், இருபது சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தால் மட்டும் மாற்றுங்கள். பழைய ரெசிஸ்டரில் வளையங்கள் இல்லாமல் உடல், நுனி, புள்ளி என்று நிறம் இருக்கும், அதே வரிசையில் படிக்க வேண்டும். பச்சை உடல், கருப்பு நுனி, ஆரஞ்சுப் புள்ளி என்றால் 5, 0, ஆயிரம் மடங்கு: 50 கிலோ ஓம்.

முதல் தடவை கரண்ட்

மெயின்ஸ் வயரில் தொடராக ஒரு 60 வாட் இழை பல்பை, அதாவது சீரிஸ் லாம்பை, மாட்டுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. ஸ்பீக்கர் இணைப்பில் இருக்கட்டும். ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் அடிபடும். சுவிட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்ல சகுனம். முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஷார்ட், உடனே அணையுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் 100 வாட் பல்பு, பிறகு நேரடி மெயின்ஸ். இப்போது ஒரு கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு மீட்டரின் நெகட்டிவைச் சேசிஸில் கிளிப் போட்டு அளவுகளை எடுங்கள். அவுட்புட் வால்வு இஎல் 84 என்று வைத்துக்கொள்வோம். கிரிடான 2-ஆம் முள்ளில் பூஜ்யம் இருக்க வேண்டும். ஒரு வோல்ட் பாசிட்டிவ் தெரிந்தாலும் கப்ளிங் கண்டென்சர் முனையைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். போய்விட்டால் கண்டென்சர் குற்றவாளி, போகவில்லையென்றால் வால்வு. எலக்ட்ரான்களை வெளிவிடும் கேத்தோடான 3-ஆம் முள்ளில் 7 வோல்ட் சுமார் இருந்தால் அந்தப் பகுதி ஆரோக்கியம்.

உறுமல் இல்லை, வால்யூம் குமிழைத் தொட்டால் கரகரப்பு வருகிறது, ஆனால் நிலையம் எதுவும் வரவில்லையா? ஆசிலேட்டர் ஓடுகிறதா என்று பார்க்க எந்தக் கருவியும் தேவையில்லை, இன்னொரு மீடியம் வேவ் ரேடியோ போதும். அதை 1255 கிலோஹெர்ட்ஸில் வைத்து அருகில் வையுங்கள். பழைய ரேடியோவின் முள்ளை 800 அருகே மெதுவாக நகர்த்துங்கள். ஐஎஃப், அதாவது மிக்ஸரிலிருந்து வெளிவரும் இடைநிலை அலைவரிசை, 455 கிலோஹெர்ட்ஸ் என்றால் அதன் ஆசிலேட்டர் 1255-ல் இருக்கும், அந்த இடத்தைக் கடக்கும்போது பக்கத்து ரேடியோவின் இரைச்சல் சட்டென்று அடங்கும் அல்லது விசில் அடிக்கும். அடங்கவேயில்லை என்றால் மிக்ஸர் வால்வையும் பேண்ட் சுவிட்சையும் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் சுவிட்சின் அழுக்குத்தான். காண்டாக்ட் கிளீனரைச் சொட்டாக விட்டு இருபது தடவை திருப்பினால் சரியாகிவிடும்.

ஐஎஃப் டிரான்ஸ்ஃபார்மர் தலையில் இருக்கும் திருகு உங்களை அழைத்துக்கொண்டே இருக்கும். தொடாதீர்கள். அது தானாக விலகுவது அபூர்வம். சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் திருப்பினால் இருந்ததும் போகும், ஃபெரைட் மையம் உடைந்தால் டிரான்ஸ்ஃபார்மரே போகும்.

பெட்டியும், டிரான்சிஸ்டர் செட்டுகளும்

பேக்லைட்டை நீரில் ஊறவைக்காதீர்கள், உள்ளே இருக்கும் மரத்தூள் ஊறிப் பளபளப்புப் போய்விடும். ஈரத் துணி, பிறகு மென்மையான பாலிஷ். மரப் பெட்டியை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் முன் மறைவான ஓர் இடத்தில் ஸ்பிரிட் ஒரு துளி விட்டுப் பாருங்கள். இளகி ஒட்டினால் அது ஷெல்லாக், மேலே இன்னொரு ஷெல்லாக் பூச்சே போதும். மேலே ஒட்டிய வெனீர் மரத்தோல் பல ரேடியோக்களில் காகிதத் தடிமன்தான், உப்புத்தாள் ஒரே இழுப்பில் அதைத் தாண்டிவிடும்.

ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் செட்டில் ஷாக் பயம் இல்லை. பேட்டரிப் பெட்டியின் பச்சைப் பூஞ்சையை வினிகரால் துடைத்து உலர்த்துங்கள். இவற்றில் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். பேட்டரியை மாற்றிப் போட்டால் டிரான்சிஸ்டர்கள் காலி. ஏஎஃப் 117 வகை இருந்தால் அதன் உள்ளே முடி போன்ற தகர இழைகள் வளர்ந்து உறையோடு ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். நான்காவது காலை, அதாவது உறைக்குப் போகும் காலை, வெட்டிவிட்டால் பல நேரம் ரேடியோ உடனே பாட ஆரம்பித்துவிடும்.

பாட ஆரம்பித்த வால்வு ரேடியோவை முதல் சில மணி நேரம் பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரின் மேல் கை வைத்துப் பாருங்கள். கையை வைத்திருக்க முடிகிற சூடு சாதாரணம், சுட்டு இழுக்க வேண்டியிருந்தால் எங்கோ இன்னும் ஒழுகல் இருக்கிறது. நிலையங்கள் மங்கலாக, இரைச்சலோடு வந்தால் வீட்டிலுள்ள எல்இடி பல்புகளையும் சார்ஜர்களையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பின் அட்டையைத் திருகி முடித்த பிறகே மற்றவர்கள் கைக்குக் கொடுங்கள்.